பழைய கார் எடுக்கவில்லையா? செல்ஃப் சத்தத்தை வைத்துப் பிழை கண்டுபிடிக்கும் வழி

ரங்கூனிலும் பக்கத்து ஊரான தன்லினிலும் நம் ஆட்கள் இன்னும் ஓட்டிக்கொண்டிருக்கும் பழைய சன்னி சூப்பர் சலூன், கொரோலா, மஸ்டா வண்டிகள் ஒரு நாள் காலையில் எடுக்காமல் நின்றால், யாராவது வந்து "பேட்டரி போச்சு" என்பார், இன்னொருவர் "காயில் போச்சு" என்பார். சோதித்துப் பார்க்காமலே சாமான் வாங்கக் கிளம்பிவிடுவார்கள். நல்ல பேட்டரியைத் தள்ளிவிட்டுப் புதுசு போட்ட பிறகும் வண்டி எடுக்காமல், கடைசியில் எர்த் வயர் துருப்பிடித்ததுதான் காரணம் என்று தெரிந்த வண்டிகளை நிறையப் பார்த்துவிட்டேன். சாமான் விலை இப்போது இருக்கும் இருப்பில் அப்படி ஒரு தவறு ஒரு குடும்பத்தின் மாதச் செலவையே விழுங்கிவிடும். அதனால் சொல்கிறேன்: காசு செலவில்லாத சோதனைகள் எல்லாம் முடியும்வரை எதையும் வாங்காதீர்கள்.

இங்கே சொல்வது கார்புரேட்டரும் (பெட்ரோலைக் காற்றோடு கலப்பது) டிஸ்ட்ரிபியூட்டரும் (பிளக்குகளுக்குக் கரண்டைப் பிரித்து அனுப்புவது) உள்ள பெட்ரோல் வண்டிகளுக்கு. இன்ஜெக்‌ஷன் வண்டிக்குப் பேட்டரி, செல்ஃப் (இன்ஜினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டார்) பகுதிகள் மட்டும் பொருந்தும்.

கையில் வேண்டியவை: 10, 12 ஸ்பானர், பிளக் ஸ்பானர், ஸ்க்ரூடிரைவர், உப்புத்தாள், காய்ந்த பருத்தித் துணி, சாதாரண மல்டிமீட்டர். மல்டிமீட்டர் இல்லாதவர்கள் 12 வோல்ட் பல்பு ஒன்றில் இரண்டு வயர் கோத்து வைத்துக்கொண்டால் பாதி வேலை நடக்கும்.

தொடங்கும் முன் கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, சக்கரத்துக்குக் கல் வையுங்கள். கைலி கட்டியிருப்பவர்கள் தயவுசெய்து மடித்து இறுக்கிக் கட்டுங்கள், அல்லது பேன்ட் மாட்டிக்கொண்டு வாருங்கள். இன்ஜின் திடீரென்று பிடித்தால் ஃபேன் பெல்ட் துணியை இழுக்கும், துணியோடு ஆளையும் இழுக்கும். பெட்ரோல் லைனைக் கழற்றும் இடத்தில் சுருட்டு, சிகரெட் எதுவும் வேண்டாம்.

அப்புறம் சாவியைத் திருப்பி, என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். எந்தப் பகுதிக்குப் போக வேண்டும் என்பதை அந்தச் சத்தமே சொல்லிவிடும்.

1. சாவியைத் திருப்பினால் சத்தமே இல்லை

ஹெட்லைட்டைப் போடுங்கள்.

*லைட் எரியவில்லை, அல்லது மங்கலாக எரிகிறது*

முதலில் பேட்டரி டெர்மினல். கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அதுதான் குற்றவாளி. அசையாவிட்டாலும் கழற்றுங்கள். வெளியே பளபளப்பாக இருந்தாலும், தூணும் கிளாம்பும் தொடும் இடத்தில் சாம்பல் நிறப் படலம் படிந்திருக்கும். உப்புத்தாளால் ஈயம் மின்னும்வரை தேய்த்து இறுக்குங்கள். வெள்ளையும் பச்சையுமாகப் பூத்திருந்தால் வெந்நீரில் சோடா உப்புக் கரைத்து ஊற்றிக் கழுவலாம். பேட்டரி மூடிகள் மட்டும் இறுக்கமாக மூடியிருக்க வேண்டும், சோடாத் தண்ணீர் உள்ளே போகக் கூடாது. கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

அடுத்து வோல்ட். வண்டி சில மணி நேரம் ஓடாமல் நின்ற பிறகு மீட்டர் வையுங்கள். 12.6 என்றால் முழுச் சார்ஜ். 12.2 என்றால் பாதிதான் இருக்கிறது. 12க்குக் கீழே போனால் சார்ஜ் போடாமல் மேலே ஒன்றும் பார்க்க வேண்டாம். தண்ணீர் ஊற்றும் பேட்டரியானால் மூடிகளைத் திறந்து தகடுகள் மூழ்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். குறைந்திருந்தால் டிஸ்டில்டு வாட்டர் மட்டும். குழாய்த் தண்ணீரும் கிணற்றுத் தண்ணீரும் பேட்டரியைக் கெடுத்துவிடும்.

கரண்ட் கட்டான நேரத்தில் வண்டி பேட்டரியைக் கழற்றி வீட்டு விளக்குக்கும் ஃபேனுக்கும் போடுகிற வழக்கம் இங்கே நிறைய வீடுகளில் இருக்கிறது. தேவை புரிகிறது. ஆனால் வண்டி பேட்டரி சில நொடிகளுக்குப் பெரிய கரண்ட் கொடுப்பதற்காகச் செய்தது, மெல்ல மெல்ல வற்றுவதைத் தாங்காது. முழுதாக வற்றவிட்டு வற்றவிட்டுச் சார்ஜ் போட்டால் சீக்கிரம் செத்துவிடும். வீட்டுக்கு வேறு பேட்டரி வைத்துக்கொள்வது கடைசியில் மலிவு.

*லைட் பளிச்சென்று எரிகிறது, ஆனால் செல்ஃப் மூச்சே விடவில்லை*

ஆட்டோ கியர் வண்டியானால் பி-யிலிருந்து என்-க்கு மாற்றிச் சாவியைத் திருப்புங்கள். என்-இல் எடுத்தால் கியர் சுவிட்ச் தேய்ந்திருக்கிறது, செல்ஃபில் கோளாறு இல்லை.

இல்லாவிட்டால் செல்ஃப் மோட்டாருக்குப் போகும் மெல்லிய வயரைத் தேடுங்கள். மோட்டாரின் தலையில் இருக்கும் சாலினாய்டில் அது செருகியிருக்கும். அடிக்கடி கழன்று தொங்கும், அல்லது உள்ளே பச்சையாகத் துருவேறியிருக்கும். ஒருவர் சாவியைத் திருப்பிப் பிடிக்க, அந்த வயரில் பல்பு வைத்துப் பாருங்கள். எரிந்தால் கோளாறு செல்ஃபில். எரியாவிட்டால் சாவி சுவிட்ச், ரிலே அல்லது வயரிங்கில். சுவிட்ச் வரைக்கும் போக வேண்டும் என்றால் எலெக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். பழைய வண்டிகளில் யார் யாரோ திருட்டு அலாரம் வைத்து வயரை வெட்டி ஒட்டியிருப்பார்கள், படம் பார்த்து வேலை செய்ய முடியாது.

2. 'டிக்' என்று ஒரு சத்தம், அல்லது 'டிக்டிக்டிக்' என்று விடாமல்

விடாமல் டிக்டிக் என்றால் பேட்டரி வற்றியிருக்கிறது, அல்லது டெர்மினல் சரியில்லை. முதல் பகுதியில் சொன்னதைச் செய்யுங்கள்.

ஒரே ஒரு கனமான 'டிக்' மட்டும் வந்து நின்றால், அந்த நேரத்தில் லைட்டைக் கவனியுங்கள்.

லைட் அணைகிற அளவுக்கு மங்கினால் கரண்ட் எங்கோ தடைபடுகிறது. சந்தேகப்பட வேண்டியது எர்த் வயர். பேட்டரி நெகட்டிவிலிருந்து பாடிக்கும் இன்ஜினுக்கும் போகும் பட்டையான பின்னல் வயர் அது. ரங்கூன் மழையில் வருஷக்கணக்காக நனைந்து பெயின்டுக்கு அடியில் துரு தின்றிருக்கும். மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரி நெகட்டிவ் தூணிலும் மறு முனையை இன்ஜின் இரும்பிலும் வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேலே காட்டினால் எர்த் சரியில்லை. போல்ட்டைக் கழற்றி இரும்பு தெரியத் தேய்த்து மாட்டுங்கள். மீட்டர் இல்லையென்றால் ஜம்பர் கேபிள் ஒன்றை நெகட்டிவ் தூணிலிருந்து நேராக இன்ஜினுக்கு மாட்டிப் பாருங்கள். செல்ஃப் ஜோராகச் சுற்றினால் விஷயம் முடிந்தது.

லைட் மங்காமல் 'டிக்' மட்டும் வந்தால் சாலினாய்டின் உள் காண்டாக்ட் அல்லது செல்ஃப் கார்பன் (மோட்டாருக்குள் கரண்ட் கடத்தும் கரித்துண்டு) தேய்ந்திருக்கிறது. மோட்டார் உடம்பில் ஸ்பானர் பிடியால் லேசாகத் தட்டிக்கொண்டே சாவியைத் திருப்புங்கள். எடுத்துவிட்டால் அன்றைக்குத் தப்பித்தீர்கள், ஆனால் கார்பன் முடிந்துவிட்டது என்று அர்த்தம். நேரே செல்ஃப் வேலை செய்பவரிடம் ஓட்டிப் போங்கள். முழு மோட்டார் வாங்கச் சொன்னால் சம்மதிக்காதீர்கள், கார்பனும் காண்டாக்டும் மாற்ற முடியுமா என்று முதலில் கேளுங்கள். பெரும்பாலும் முடியும்.

தட்டியும் அசையவில்லை, இன்ஜினையும் கையால் சுற்ற முடியவில்லை என்றால் நிறுத்துங்கள். கிராங்க் புல்லி (இன்ஜின் முனையில் பெல்ட் ஓடும் சக்கரம்) போல்ட்டில் ஸ்பானர் போட்டும் சுற்றாத இன்ஜினை மெக்கானிக்தான் பார்க்க வேண்டும்.

*ஜம்பர் போடும் வரிசை*

சிவப்பு முதலில் வற்றிய பேட்டரியின் பாசிட்டிவில், மறு முனை நல்ல பேட்டரியின் பாசிட்டிவில். கறுப்பு நல்ல பேட்டரியின் நெகட்டிவில், கடைசி முனை எடுக்காத வண்டியின் இன்ஜின் இரும்பில், பேட்டரியை விட்டுத் தள்ளி. பேட்டரி மேலேயே மாட்டினால் அங்கே கிளம்பும் வாயுவில் பொறி பட்டு வெடிக்கக்கூடும்.

தள்ளி எடுப்பதானால் இரண்டாவது கியர். இங்கே ரோட்டின் வலப்பக்கம் ஓட்டுகிறோம், ஆனால் இந்தப் பழைய வண்டிகளுக்கு ஸ்டியரிங்கும் வலப்பக்கமே. ஆகவே ஓட்டுபவர் நடைபாதைப் பக்கம் இருப்பார். தள்ளுபவர்கள் பின்னாலும் நடைபாதைப் பக்கத்திலும் மட்டும் நில்லுங்கள். இடது கதவுப் பக்கம் நின்று தள்ளினால் பஸ் வரும் வழியில் நிற்கிறீர்கள்.

3. செல்ஃப் நன்றாகச் சுற்றுகிறது, இன்ஜின் பிடிக்கவில்லை

அதிகம் வருவது இந்தக் கேஸ்தான். பிளக்கில் கரண்ட் இல்லை, அல்லது பெட்ரோல் வரவில்லை, அல்லது அளவுக்கு மேல் வருகிறது. எது என்று தெரியாமல் கார்புரேட்டரில் கைவைக்காதீர்கள்.

ஒரு பிளக்கைக் கழற்றி, வயரை அதிலேயே மாட்டி, பிளக்கின் இரும்பு உடம்பு இன்ஜினில் படும்படி வைத்துச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். கையால் பிடிக்க வேண்டாம், ரப்பர் பிடி உள்ள இடுக்கியால் பிடியுங்கள். பெட்ரோல் சிந்தியிருந்தால் துடைத்து, ஆவி போன பிறகு செய்யுங்கள்.

*பொறி இல்லை, அல்லது மஞ்சளாக மெலிந்து வருகிறது*

நல்ல பொறி நீலம் கலந்த வெள்ளையாக, 'டப் டப்' என்று சத்தத்தோடு வரும். அது இல்லையென்றால் காயிலின் (பிளக்குக்கு உயர் வோல்ட் கரண்ட் கொடுப்பது) நடு வயரை டிஸ்ட்ரிபியூட்டர் பக்கம் கழற்றி, இன்ஜின் இரும்புக்கு 6 மில்லிமீட்டர் தூரத்தில் பிடித்து அடியுங்கள்.

அங்கே பலமாகப் பொறி வந்தால் காயில் நல்லது. கேப் (டிஸ்ட்ரிபியூட்டர் மூடி), ரோட்டர் (அதற்குள் சுற்றும் துண்டு), பிளக் வயர், பிளக் இவற்றில்தான் கோளாறு. கேப்பைக் கழற்றி உள்ளே வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பாருங்கள். ஒரு முனையிலிருந்து மற்ற முனைக்குப் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கறுப்புக் கோடு இருந்தால் கரண்ட் அந்த வழியாக ஓடிப்போகிறது, கேப்பை மாற்றத்தான் வேண்டும். சுரண்டிப் போட்டால் இரண்டு நாளில் திரும்ப வரும். நடுவில் இருக்கும் சின்னக் கரித்துண்டு ஸ்பிரிங்கோடு உள்ளே போய் வெளியே வருகிறதா என்றும் அழுத்திப் பாருங்கள்.

காயில் வயரிலும் பொறி இல்லையா? காயிலின் பாசிட்டிவ் முனையில் சாவி போட்டதும் வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். வரவில்லையென்றால் ஃபியூஸ், சாவி சுவிட்ச். வந்தால் நெகட்டிவ் முனையில் பல்பின் ஒரு வயரையும் பேட்டரி பாசிட்டிவில் மறு வயரையும் வைத்துச் செல்ஃப் அடியுங்கள். பல்பு விட்டு விட்டு மின்னினால் பாயின்ட் (டிஸ்ட்ரிபியூட்டருக்குள் திறந்து மூடும் காண்டாக்ட்) வேலை செய்கிறது, காயில் சந்தேகம். மின்னாமல் எரிந்தபடியோ எரியாமலோ இருந்தால் பாயின்ட்.

பாயின்ட் முகம் கருகியிருந்தால் மெல்லிய உப்புத்தாளை மடித்து இரண்டுக்கும் நடுவே இழுத்து, பிறகு துணியால் துடையுங்கள். இடைவெளி பெரும்பாலான ஜப்பான் வண்டிகளில் 0.45 மில்லிமீட்டரை ஒட்டியிருக்கும், உங்கள் வண்டிப் புத்தகத்தில் இருப்பதே இறுதி. தேய்த்த சில நாளில் மறுபடி கருகினால் கண்டென்சர் போயிருக்கிறது, அது சின்னச் செலவுதான். காயில் அதற்கு அப்புறம். பாயின்ட் இல்லாத எலெக்ட்ரானிக் டிஸ்ட்ரிபியூட்டரானால், உள்ளே உள்ள மாட்யூல் விலை கூடியது. வேறொரு நல்ல வண்டியில் மாட்டிச் சோதிக்கும் வசதி உள்ள எலெக்ட்ரீஷியனிடம் காட்டாமல் வாங்காதீர்கள்.

*பொறி நன்றாக இருக்கிறது, பிளக் காய்ந்திருக்கிறது*

பெட்ரோல் வரவில்லை. டேங்கில் இருக்கிறதா என்று முள்ளை நம்பாமல் பாருங்கள். பழைய வண்டியில் முள் பொய் சொல்லும்.

ஏர் கிளீனரைத் திறந்து கார்புரேட்டருக்குள் எட்டிப் பார்த்தபடி ஆக்சிலேட்டர் கம்பியைக் கையால் ஒரு முறை இழுங்கள். மெல்லிய பெட்ரோல் பீச்சு ஒன்று பாய வேண்டும். சன்னி, கொரோலா கார்புரேட்டர்கள் பலவற்றில் பக்கவாட்டில் சின்னக் கண்ணாடி உண்டு. துணியால் அழுக்கைத் துடைத்தால் அதில் பெட்ரோல் மட்டம் தெரியும், கோடோ புள்ளியோ போட்டிருக்கும். மட்டம் அந்தக் குறியை ஒட்டி நின்றால் பெட்ரோல் வந்துகொண்டுதான் இருக்கிறது. கண்ணாடி காலியென்றால் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, காயில் நடு வயரை எர்த் செய்துவிட்டு, செல்ஃப் அடியுங்கள். இன்ஜின் சுற்றும் ஒவ்வொரு தடவையும் பெட்ரோல் விட்டு விட்டு நன்றாகப் பாய வேண்டும்.

பாயவில்லையா? முதலில் ஃபில்டர், அப்புறம் டேங்கிலிருந்து வரும் ரப்பர் குழாயில் வெடிப்பு, அப்புறம் ஏசி பம்ப், அதாவது இன்ஜினோடு சேர்ந்து இயங்கும் பெட்ரோல் பம்ப். பம்பின் அடியில் இருக்கும் சின்னத் துளையிலிருந்து பெட்ரோல் கசிந்தால் டயஃப்ரம் (பம்பின் உள் சவ்வு) கிழிந்துவிட்டது. அப்படியானால் ஆயில் ஸ்டிக்கையும் முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை வந்தால் ஆயிலில் பெட்ரோல் கலந்திருக்கிறது. பம்ப்பும் ஆயிலும் மாற்றும்வரை ஓட்டாதீர்கள்.

ரோட்டோரம் பாட்டிலில் விற்கும் பெட்ரோலைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். வெளியூர் போகும்போது வேறு வழி இருக்காது, வாங்கத்தான் வேண்டியிருக்கும். ஆனால் அதை ஊற்றிய மறுநாள் வண்டி எடுக்காவிட்டால், கார்புரேட்டர் அடியில் உள்ள ஸ்க்ரூவைக் கழற்றிக் கொஞ்சம் பெட்ரோலைக் கண்ணாடி டம்ளரில் பிடியுங்கள். தண்ணீர் கலந்திருந்தால் அடியில் முத்து முத்தாக உருண்டு தனியாக நிற்கும். அப்படியானால் டேங்கையே இறக்கிக் கழுவ வேண்டும், ஃபில்டரை மட்டும் மாற்றினால் தீராது. பெட்ரோல் கிடைக்காமல் மாதக்கணக்கில் நிறுத்திவைத்த வண்டிக்கும் இதே வைத்தியம். டேங்க் உள்பக்கம் துரு உதிர்ந்து குழாயை அடைத்திருக்கும்.

*பிளக் நனைந்து பெட்ரோல் நாற்றம் அடிக்கிறது*

ஓவர்ஃப்ளோ. ஆக்சிலேட்டரைத் தரைவரை ஒரே அழுத்தாக அழுத்திப் பிடித்துக்கொண்டு செல்ஃப் அடியுங்கள். பம்ப் பண்ணக் கூடாது, பண்ணினால் இன்னும் பெட்ரோல் போகும். ஒரே மூச்சில் பத்து நொடிக்கு மேல் அடிக்காதீர்கள், இடையில் ஒரு நிமிஷமாவது செல்ஃபுக்கு ஓய்வு கொடுங்கள். அதற்கும் எடுக்காவிட்டால் நான்கு பிளக்கையும் கழற்றித் துடைத்துக் காயவைத்து மாட்டுங்கள். மறுபடி மறுபடி ஓவர்ஃப்ளோ ஆனால் சோக் (கார்புரேட்டர் வாயில் காற்றைக் குறைக்கும் தகடு) திறக்காமல் மாட்டியிருக்கிறது, அல்லது ஃப்ளோட் ஊசி (கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வரவை அடைக்கும் ஊசி) தேய்ந்திருக்கிறது. சோக் தகட்டை விரலால் தள்ளிப் பார்த்தாலே தெரியும்.

4. சாவியைத் திருப்பிப் பிடித்தால் எடுக்கிறது, விட்டதும் நின்றுவிடுகிறது

இதைக் கேட்டவுடன் பாலஸ்ட் ரெசிஸ்டரைப் பாருங்கள். காயிலுக்குப் பக்கத்தில் வெள்ளைப் பீங்கான் கட்டி ஒன்று இருக்கும். செல்ஃப் சுற்றும்போது காயிலுக்குக் கரண்ட் நேராகப் போகும், சாவியை விட்டதும் இந்தக் கட்டி வழியாகப் போகும். அது அறுந்தால் இன்ஜின் அந்த நொடியே நிற்கும். விலை அதிகமில்லை. அதைத் தாண்டி நேராக வயர் போட்டு ஓட்டலாம் என்று சிலர் சொல்வார்கள். வீடு சேர உதவும், அப்படியே வைத்திருந்தால் காயிலும் பாயின்டும் சூடேறிப் போய்விடும்.

5. காலையில் எடுக்கிறது, சூடானால் எடுக்கவில்லை

மார்ச், ஏப்ரல் வெயிலில், நெரிசலில் நின்று நின்று போய், கடை வாசலில் பத்து நிமிஷம் நிறுத்திவிட்டு வந்தால் எடுக்காது. அரை மணி கழித்து ஒன்றுமே நடக்காதது போல எடுக்கும்.

அந்த நேரத்திலேயே பொறியைச் சோதியுங்கள், ஆறிய பிறகு சோதித்துப் பயனில்லை. பொறி இல்லையென்றால் காயில், கண்டென்சர், மாட்யூல் இவற்றில் ஒன்று சூட்டில் விடுகிறது. காயில் மேல் ஈரத்துணியைப் போர்த்தி அது ஆறியதும் எடுத்தால், காயில்தான்.

பொறி இருந்து பெட்ரோல் மட்டும் வராவிட்டால் குழாயில் பெட்ரோல் ஆவியாகி நிற்கிறது. பம்ப்பிலும் குழாயிலும் ஈரத்துணி போட்டு ஆறவிடுங்கள். சூடான எக்ஸாஸ்டுக்குப் பக்கத்தில் ரப்பர் குழாய் ஓடுகிறதா என்று பார்த்து, கட்டித் தள்ளிவையுங்கள். அதுவே நிரந்தரத் தீர்வாகப் பல வண்டிகளில் போதும்.

6. திஞ்சானுக்கு மறுநாள், அல்லது மழையில் நின்ற பிறகு

ஏப்ரல் நடுவில் தண்ணீர்த் திருவிழாவில் வண்டிக்கு முன்னும் பின்னும் வாளி வாளியாக ஊற்றுவார்கள். கிரில் வழியாகப் பைப்பை நீட்டிப் பீய்ச்சுபவர்களும் உண்டு. கேப்பிலும் வயரிலும் ஈரம் ஏறும். இதற்கு எந்தச் சாமானும் வாங்க வேண்டாம். கேப்பைக் கழற்றி உள்ளும் புறமும் துடைத்து அரை மணி வெயிலில் வையுங்கள். வயர்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, பிளக் குழிகளில் தேங்கிய தண்ணீரைத் துணியால் உறிஞ்சி எடுங்கள். வண்டி எடுத்த பிறகும் விட்டு விட்டு ஓடினால் இருட்டில் பானெட்டைத் திறந்து பாருங்கள். வயர் தோலில் நீலப் பொறி ஓடும் இடம் கண்ணுக்கே தெரியும், அந்த வயரை மாற்றுங்கள்.

மழைக்காலத்தில் கடல் ஏற்றமும் பெருமழையும் சேர்ந்தால் நகரத்தின் தாழ்ந்த தெருக்களில் முழங்கால்வரை தண்ணீர் நிற்கும். அதில் ஓட்டிப் போய் நடுவில் நின்றுவிட்ட வண்டிக்கு ஒரே ஒரு விதி: செல்ஃப் அடிக்காதீர்கள். ஏர் கிளீனரைத் திறந்து பாருங்கள். உள்ளே ஈரம் இருந்தால் சிலிண்டருக்குள்ளும் தண்ணீர் போயிருக்கலாம். தண்ணீர் நசுங்காது, கனெக்டிங் ராடு வளையும். நான்கு பிளக்கையும் கழற்றிவிட்டு, கையால் இன்ஜினைச் சுற்றி, தண்ணீர் வெளியேறிய பிறகே செல்ஃப். ஆயில் பால் போல வெளுத்திருந்தால் இழுத்துக்கொண்டு போய் மெக்கானிக்கிடம் விடுங்கள்.

7. செல்ஃப் வழக்கத்தைவிட வேகமாக, இலகுவாகச் சுற்றுகிறது

சாதாரணமாகச் செல்ஃப் அடித்தால் 'ஹ்ரும்... ஹ்ரும்...' என்று ஏற்ற இறக்கத்தோடு வரும். அது இல்லாமல் ஒரே சீராக 'விர்ர்' என்று வந்தால் கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் நசுங்கும் அழுத்தம்) இல்லை. கேப்பைக் கழற்றி, இன்னொருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லி ரோட்டரைப் பாருங்கள். இன்ஜின் சுற்றியும் ரோட்டர் அசையாவிட்டால் அநேகமாக டைமிங் பெல்ட் அறுந்திருக்கிறது. அதோடு நிறுத்துங்கள். சில இன்ஜின்களில் பெல்ட் அறுந்தபின் அடிக்கும் ஒவ்வொரு செல்ஃபும் வால்வை வளைக்கும்.

ரோட்டர் சுற்றினால் கம்ப்ரஷன் சோதிக்கச் சொல்லுங்கள். நல்ல பெட்ரோல் இன்ஜினில் 150 முதல் 180 பிஎஸ்ஐ வரும். நான்கு சிலிண்டருக்குள்ளும் பெரிய வித்தியாசம் இருக்கக் கூடாது. குறைந்த சிலிண்டரில் ஒரு கரண்டி ஆயில் விட்டுத் திரும்பச் சோதித்து, ஏறினால் ரிங், ஏறாவிட்டால் வால்வு. பக்கத்துப் பக்கத்து இரண்டு சிலிண்டர் மட்டும் குறைந்தால் ஹெட் கேஸ்கட். இவை ஒர்க்‌ஷாப் வேலைகள்.

மெக்கானிக்கிடம் போகும்போது

செய்த சோதனைகளை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: பேட்டரி எத்தனை வோல்ட், பொறி இருந்ததா, என்ன நிறம், கண்ணாடியில் பெட்ரோல் தெரிந்ததா, சூடாக இருந்தபோதா குளிர்ந்திருந்தபோதா. "அண்ணே, கரண்ட் வருது, பெட்ரோல் பம்ப் வரைக்கும் வருது, கார்புரேட்டருக்குள்ள வரல" என்று சொல்லும் ஆளிடம் புதுக் காயில் விற்க யாரும் முயலமாட்டார்கள். மாற்றிய பழைய சாமானை மறக்காமல் கேட்டு வாங்கி வாருங்கள்.